பாடகர் வராத அல்பத்தை எப்படிக் கேட்பது

இந்த அல்பத்தில் யாரும் பாட மாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போட்டுக் காட்டிய ஆட்களில் பலர் அந்த ஒரு காரணத்துக்காகவே பாதியில் எழும்பிப் போயிருக்கிறார்கள். என்னோடு வேலைக்கு வருகிற பெடியன் வானுக்குள் இருந்து இதைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணை, இது எப்ப தொடங்கும்?" என்றான்.

"தொடங்கிட்டுதடா தம்பி."

"அப்ப ஏன் ஒருத்தரும் பாடேல்லை?"

கேள்வி நியாயமானது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அல்பம், கொட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பெரர் என்ற இசைக்குழு 2024 ஒக்டோபர் 4ஆம் திகதி வெளியிட்டது. கனடாவின் மொன்றியல் நகரத்துக் குழு. 1994இல் தொடங்கி, 2003 அளவில் ஓய்ந்துபோய், 2010இல் திரும்பி வந்தார்கள். அல்பத்தின் பெயர் 'நோ டைட்டில் அஸ் ஒஃப் 13 பெப்ரவரி 2024 28,340 டெட்'. தலைப்பு என்று ஒன்றுமில்லை, ஒரு திகதியும் அன்றுவரை காஸாவில் இறந்தவர்களின் தொகையும் மட்டும். அதைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் கேட்கிற வழி.

என் தொழில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது. இங்கிலிஷ் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் இல்லை. ரொக் இசையின் வரலாறும் பெரிதாகத் தெரியாது. ஆனால் இராத்திரி ஒரு மணிக்குக் கோயில் வீதியில் மேளக்கச்சேரி நடக்கும்போது மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. நீளமான, சொல்லே இல்லாத இசையோடு காது பழகிவிடும். ஆகவே என் கட்சி இதுதான்: இந்த அல்பத்தைக் கேட்க யாழ்ப்பாணத்துக் காது எங்கேயும் போய்ப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. இணுவில், அளவெட்டி தவிலையும் நாதஸ்வரத்தையும் உட்கார்ந்து கேட்டவர்கள் பாதித் தூரம் ஏற்கனவே வந்துவிட்டார்கள். மிச்சப் பாதிக்குக் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும்.

எங்கே எடுப்பது? 2025 ஆகஸ்டில் இந்தக் குழு தங்கள் இசையை ஸ்பாட்டிஃபை போன்ற பெரிய தளங்களிலிருந்து எடுத்துவிட்டது. குழுக்கள் தங்கள் இசையை நேரே விற்கிற பாண்ட்காம்ப் என்ற இணையத்தளத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். வாங்கினால் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் எடுங்கள், இடம் கூடப் பிடிக்கும் என்றாலும் பரவாயில்லை. காசு கட்ட வங்கி அட்டை இல்லையென்றால் வழக்கமான வழிதான்: வெளியில் இருக்கிற சொந்தக்காரர். எனக்கு வாங்கித் தந்தது மொன்றியலில் இருக்கிற மச்சாள். குழு அதே ஊர் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்த பிறகும் கேட்கவில்லை. "உனக்கு ஏன் இந்த வேலை?" என்பதோடு சரி.

அடுத்தது நேரம். பகலில் வேண்டாம். இங்கே பகல் என்பது ஒரே சத்தம். பாண் விற்கிற ஓட்டோ பீத்தோவனின் மெட்டைப் பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும், அது போனால் மரம் அரிகிற மெசின், அதுவும் நின்றால் என்னைப் போல யாராவது ஒருவன் கோயிலில் காலமையே ஸ்பீக்கர் போட்டுவிட்டிருப்பான். இராத்திரிச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு வையுங்கள். 54 நிமிடம் அளவில் ஓடும். இடையில் எழும்பத் தேவையில்லாதபடி பாருங்கள்.

மின்விசிறி ஒரு பிரச்சினை. முதல் உருப்படி மெல்லிய இழுவையில் தொடங்குகிறது. மேலே சுற்றுகிற விசிறியும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று நிற்கிறது. இரண்டும் கலந்தால் எது எதுவென்று பிரியாது. சித்திரை மாதத்தில் விசிறியை நிற்பாட்டச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். அப்போது ஹெட்போனை நம்பவேண்டியதுதான். மார்கழி, தையில் வாடைக்காற்று அடிக்கிற இரவுகள் இந்த அல்பத்துக்குச் சரியான காலம்.

போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்தக் குழுவில் பேஸ் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர், தியெரி அமார், மௌரோ பெசென்டே. போன் ஸ்பீக்கரில் இந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கீழ்ச்சத்தத்தை அது தராது. சின்ன புளூடூத் பெட்டியும் அவ்வளவு உதவாது. சத்தம் எழும்பும் இடத்தில் அது தன்பாட்டில் எல்லாவற்றையும் அமுக்கிச் சமப்படுத்திவிடும். இந்த இசையின் உயிரே மெல்லியதுக்கும் பெரியதுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான். அதைச் சமப்படுத்தினால் மிஞ்சுவது வெறும் இரைச்சல். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும். போனில் 'பேஸ் பூஸ்ட்', ஈக்வலைசர் என்று என்ன போட்டிருந்தாலும் எல்லாவற்றையும் நேராக்குங்கள். ஷஃபிளையும் நிறுத்துங்கள்.

இனி என் தொழில் ரகசியம் ஒன்று. சத்தத்தை முதல் உருப்படியில் வைத்து அளவு பார்க்காதீர்கள். அது மெல்லியதாக இருக்கிறதே என்று கூட்டிவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் பதறிப்போய்க் குறைப்பீர்கள், ஒவ்வொரு ஏற்றத்திலும் கை போனுக்குப் போகும். மேளக்கச்சேரிக்கு முன் நாங்கள் சவுண்ட் பார்ப்பது நாதஸ்வரக்காரர் மெதுவாக ஊதும்போது அல்ல. தவில்காரர் இரண்டு பேரையும் முழுப்பலத்தோடு அடிக்கச் சொல்லி, அதற்கு அளவு வைப்போம். அதையே செய்யுங்கள். இரண்டாவது உருப்படியான 'பேபிஸ் இன் எ தண்டர்கிளவுட்' 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் பின்பகுதிக்குப் போய், காதுக்கு நிறைவாகவும் வலிக்காமலும் இருக்கிற அளவில் நிறுத்துங்கள். பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். இனித் தொடக் கூடாது. மெல்லிய இடங்களில் சத்தம் போதாது போலத் தோன்றும். தோன்றட்டும், காது தானாகக் கிட்டப் போகும்.

சரி, இப்போது போடலாம்.

முதலாவது, 'சன் இஸ் எ ஹோல் சன் இஸ் வேப்பர்ஸ்'. இதில் தாளத்தைத் தேடாதீர்கள். அடியில் நிற்கிற சுருதியைப் பிடியுங்கள். மேளக்காரர் குழுவில் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார், ஒரே சுரத்தைத் தம் பிடித்துக் கொண்டு. யாரும் அவருக்குக் கைதட்டுவதில்லை, இப்போது பல இடங்களில் அந்த ஆளுக்குப் பதிலாகச் சின்ன மின்சாரச் சுருதிப்பெட்டிதான், அதற்கு ஒரு மைக் வைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு சுரத்தை எடுத்துவிட்டால் மேலே நடக்கிற அத்தனையும் அந்தரத்தில் தொங்கும். இங்கேயும் அடியில் ஒரு இழுவை நிற்கிறது. மேலே கிற்றார்கள் ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் ஏறுகின்றன.

கிற்றார் நரம்பை ஒருமுறை மீட்டினால் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போகவேண்டும். இதில் அடங்காமல் நிற்கும் சுரங்கள் கேட்கும், சில வேளை மெல்ல வீங்கி வேறு சுரமாகக்கூட மாறும். அது ஃபீட்பாக். எங்கள் மொழியில் சொன்னால் மைக் கூவுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், அது பெரிதாகித் திரும்ப ஸ்பீக்கரால் வந்து, சுற்றிச் சுற்றி ஒரு கூவலாக நிற்பது. ஐயர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போனால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓடிப்போய் ஒலியைக் குறைப்பேன், இல்லாவிட்டால் அந்தக் கூவுகிற இடத்தை மட்டும் ஈக்வலைசரில் வெட்டுவேன். என் வேலையின் பெரும்பகுதி இந்தச் சத்தம் வராமல் பார்ப்பது. இவர்கள் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கிற்றாரை அம்பிளிபயருக்குக் கிட்டக் கொண்டுபோய், நரம்பைத் தொடாமலே அதைப் பேசவிட்டு, நிற்கிற இடத்தையும் திரும்புகிற கோணத்தையும் மாற்றிச் சுரத்தை மாற்றுகிறார்கள். முதல்முறை கேட்டபோது என் கை தன்னாலே ஒலியைக் குறைக்கப் போனது. பிறகுதான் அதைக் கூவ விட்டுவிட்டுக் கேட்டேன். உங்களுக்கும் இந்த அல்பத்தில் 'இது பிழைச்சத்தம்' என்று படும் இடங்கள் வரும். அந்த இடங்களில்தான் கூடக் கவனமாக இருக்கவேண்டும். அவை பிசகில் வந்தவை அல்ல.

'பேபிஸ்' என்ற இரண்டாவதைத்தான் எல்லோருக்கும் முதலில் பழகச் சொல்வேன். மெதுவாகக் கூடும், ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும், ட்ரம்ஸ் பிந்தித்தான் சேரும். கேட்கிறபோது ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் போங்கள். சோபி ட்ரூடோவின் வயலின் நல்ல தெரிவு. கிற்றார்கள் மூன்றும் எழும்பும்போது அது மறைந்துவிடும், பிறகு மேலே தலை காட்டும். இன்னொரு நாள் ட்ரம்ஸை மட்டும் பிடியுங்கள். அங்கேயும் இரண்டு பேர், ஏய்டன் கேர்ட், திமதி ஹெர்சொக். இரண்டு தவில் போல என்று சொல்ல வாய் வரும், ஆனால் அங்கேதான் வித்தியாசம்.

மேளத்தில் நாங்கள் காத்திருப்பது தனிக்கு. தட்சணாமூர்த்தி தவில் வாசித்த காலத்தைப் பற்றிக் கதைக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1975இல் போனவர், ஆனால் அவர் எந்தக் கோயிலில் எந்த இடத்தில் எப்படி முடித்தார் என்று விரலால் தொடையில் தட்டிக் காட்டுவார்கள். ஒரு மனிதனின் கையைக் கேட்க ஊர் கூடிய காலம். நாதஸ்வரக்காரர் பத்மநாதன் ஆலாபனை செய்யும்போதும் அப்படித்தான். கொட்ஸ்பீட்டில் அது கிடையாது. ஒருவரும் தனியே எழுந்து வித்தை காட்டுவதில்லை. இரண்டு ட்ரம்ஸ்காரரும் ஒருவரை ஒருவர் மடக்குவதில்லை, ஒரே சுமையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குகிறார்கள். மேடையிலும் முன்னால் நிற்கிற தலைவர் என்று ஒருவர் இல்லை. அரையிருட்டில் இருந்து வாசிப்பார்கள், சபையோடு கதைக்க மாட்டார்கள், பின்னால் திரையில் படச்சுருள் ஓடிக்கொண்டிருக்கும். படம் ஓட்டுகிறவரையும் குழுவில் ஒருவராகக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆகவே 'யார் இதில் கெட்டிக்காரர்?' என்று தேடினால் ஏமாற்றம்தான். 'இப்போது எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அதைத் தொடர்ந்தாலே 13 நிமிடம் போவது தெரியாது. எனக்கு மேளக்கச்சேரியின் தனி இன்னும் பெரிதுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தச் சேர்ந்து தூக்குகிற முறையைக் கேட்ட பிறகு, தனி வாசிக்கும்போது மற்றத் தவில்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது 'ரெயின்ட்ராப்ஸ் காஸ்ட் இன் லெட்'. இதுவும் 13 நிமிடத்துக்கு மேல். நடுவில் ஒரு பெண் குரல் வரும், ஸ்பானிய மொழியில். பாட்டு இல்லை, பேச்சு. விளங்கவில்லை என்று இடையில் நிறுத்தி மொழிபெயர்ப்புத் தேடாதீர்கள். பேசுகிற வேகத்தையும் மூச்சையும் மட்டும் கேளுங்கள். பொருளை முடிந்த பிறகு தேடலாம். அந்தக் குரலுக்குப் பிறகு இசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு 2008 டிசம்பர் 27இலிருந்து 2009 ஜனவரி 18 வரை காஸாவில் நடந்த இஸ்ரேலிய இராணுவ நடவடிக்கை நினைவுக்கு வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காஸ்ட் லெட்'. அதே மூன்று கிழமைக்குள், ஜனவரி 2ஆம் திகதி, கிளிநொச்சி விழுந்தது. இங்கே எங்களில் எத்தனை பேருக்கு அந்த மாதம் காஸா என்று ஒரு இடம் இருந்தது நினைவிருக்கும்? ரேடியோவில் வன்னிச் செய்தி முடிந்தவுடன் அணைத்துவிடுவோம்.

ஆக, தலைப்புக்கு வந்தாயிற்று. 28,340 என்பது 2023 ஒக்டோபர் 7இலிருந்து இறந்த பலஸ்தீனர்களின் தொகை, காஸாவின் சுகாதார அமைச்சு சொன்னது. என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ஒரு கணக்கையும் திகதியையும் போட்டுவிட்டோம் என்கிற மாதிரித்தான் குழுவின் குறிப்பும் இருக்கிறது. ஒரு அறைக்குள் இருந்து, வாக்குவாதப்பட்டுக்கொண்டே எழுதினோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அல்பம் கடைக்கு வந்த ஒக்டோபரிலேயே அந்த எண் பழையதாகிவிட்டது. இப்போது பார்த்தால் இன்னும் பழையது. அதுதான் அந்தத் தலைப்பின் வேலை என்று நினைக்கிறேன்: எண்ணை நிறுத்தின இடத்தைக் காட்டுவது, மேற்கொண்டு கூட்டுவதைக் கேட்கிறவர்களிடம் விடுவது.

எங்களுக்கு எண்ணோடு இருக்கிற வழக்கு வேறு. 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு தொகை கிடையாது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்று சொன்னது. கூட என்பவர்களும் குறைய என்பவர்களும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அதனால் இந்த அல்பத்தின் பெயரில் ஒரு எண்ணைக் கண்டதும் எங்கள் ஆட்கள் 'இது எங்களுக்கான இசை' என்று உடனே இழுத்துக்கொள்வார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். கேட்கும்போது எங்கள் நினைவு வரத்தான் செய்யும், தடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே முள்ளிவாய்க்காலை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் வயலின் அழுவது மட்டும்தான் கேட்கும். இந்த அல்பத்தில் கோபமும் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, இரண்டாவது உருப்படியின் முடிவில் வெட்கமில்லாத சந்தோசம்கூட இருக்கிறது. அதெல்லாம் தவறிப்போகும். அல்பத்தைப் போடுவதற்கு முன் தலைப்பை ஒருமுறை வாசியுங்கள். பிறகு போனைக் கவிழ்த்து வையுங்கள்.

நாலாவது, 'புரோக்கன் ஸ்பயர்ஸ் அட் டெட் கபிட்டல்', சின்னது, இருண்டது. அடுத்ததுக்கு வாசல். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

ஐந்தாவது 'பேல் ஸ்பெக்டேட்டர் டேக்ஸ் ஃபோட்டோகிராப்ஸ்'. பார்த்துக்கொண்டு நின்று படம் எடுக்கிற ஒருவர். யாழ்ப்பாணம் ரயில்வே ஸ்டேசன் 2014இல் திரும்பத் திறக்கும் வரை கூரையில்லாமல் நின்ற காலத்தில், வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்த வளைவுக்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள். நாங்களும்தான் எடுத்தோம். அல்பத்தில் மிகவும் முரட்டுத்தனமான துண்டு இதுவே, ட்ரம்ஸ் இரண்டும் விடாமல் அடிக்கும். இங்கே நிமிர்ந்து இருந்து கேளுங்கள். படுத்திருந்தால் தலைவலிதான் வரும். ஹெட்போனில் வலிக்கிறது என்றால் இந்த ஒரு இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க நான் அனுமதி தருகிறேன்.

கடைசி, 'கிரே ரபிள் – கிரீன் ஷூட்ஸ்'. சாம்பல் நிற இடிபாடு, பச்சைத் தளிர். பெயரைப் பார்த்து இனிமையான முடிவை எதிர்பார்க்காதீர்கள். தளிர் வந்ததா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவதில்லை. நரம்பு வாத்தியங்களைப் பின்தொடருங்கள். முடிந்தவுடன் போன் தன்பாட்டில் வேறு ஏதாவது பாட்டுப் போடாதபடி முன்னமே பார்த்து வையுங்கள். 54 நிமிடம் கட்டியெழுப்பினதை ஒரு குத்துப்பாட்டு இரண்டு செக்கனில் இடித்துவிடும்.

பிடிக்கவில்லை என்றால்? ஒரே நாளில் திரும்பப் போடாதீர்கள். கொஞ்ச நாள் விட்டு, 'பேபிஸ்' ஒன்றை மட்டும், சத்த அளவு சரியாக வைத்துக் கேளுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. மேளமே தலைவலி என்கிற ஆட்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்குப் போட்டுக் காட்ட ஆசை வரும். கூட்டாளிமாரைத் தவிருங்கள், இரண்டாவது நிமிடத்தில் யாராவது பகிடி விடுவார்கள், அதோடு சரி. இளம் பெடியள்தான் ரசிப்பார்கள் என்றும் நினைக்காதீர்கள். என் அனுபவத்தில், விடிய விடிய மேளம் கேட்டுப் பழகிய வயதானவர்களுக்குத்தான் பொறுமை இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பழைய தவில்காரர் ஒருவர் ஹெட்போனைக் காதில் வைத்து 'பேபிஸ்' முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "தாளம் சின்னன், ஆனா விடாமப் பிடிக்கிறாங்கள்" என்றார். பிறகு, "ஏன் ஒருத்தனும் முன்னுக்கு வரேல்லை?" என்று கேட்டார். அவருக்கு அது குறை.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக 2000ஆம் ஆண்டு வந்த 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் அன்டெனாஸ் டு ஹெவன்' எடுங்கள். நாலே உருப்படி, ஒவ்வொன்றும் 20 நிமிடம் அளவில். சத்த அளவை அதே முறையில் முதலில் வையுங்கள். அதற்கு ஒரு இரவு முழுவதும் ஒதுக்கவேண்டும், அடுத்த நாள் காலமை வேலை இல்லாத இரவாக.